அமெரிக்கப் படைபலத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் முறை

அமெரிக்காவின் படைபலத்தைப் பிற நாட்டவர் எப்படிப் பார்த்தார்கள் என்று அறிய, புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் இருப்பவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரெஞ்சு அரசுப் பணியிலும் படையிலும் வணிகத்திலும் வியட்நாமின் சைகோன் நகரில் வாழ்ந்து திரும்பிய குடும்பங்கள் புதுச்சேரியில் உள்ளன. குவைத் போரின்போது வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்ய விரும்பும் மாணவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் இந்தக் குறிப்புகள் பயன்படும்.

“அமெரிக்காவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று ஒருபோதும் தொடங்கக் கூடாது. அப்படிக் கேட்டால் நேற்றைய தொலைக்காட்சி விவாதம்தான் திரும்பி வரும். கடை, சம்பளம், வாடகை, பயணம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டால், கருத்து தானாகப் பின்னால் வந்து சேரும்.

சைகோன் குடும்பங்களிடம் பேசும் முன் சில தேதிகளைக் கையில் வைத்திருப்பது நல்லது. வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் கோட்டையான தியன் பியன் பூ 1954 மே 7 அன்று வீழ்ந்தது. அமெரிக்க மரைன் படையினர் 1965 மார்ச் 8 அன்று வியட்நாமின் தானாங் கடற்கரையில் இறங்கினர். 1969 வாக்கில் அங்கிருந்த அமெரிக்கப் படையினர் ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்தனர். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விழுந்தது. ஆனால் பெரியவர்களிடம் இந்த ஆண்டுகளைச் சொல்லிக் கேட்பதைவிட, “இணைப்புக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்பதே பலன் தரும்; புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்த 1954 நவம்பர் 1 எந்தப் புதுச்சேரிக்காரருக்கும் மறக்காது.

பிறகு கேள்வியைச் சிறிதாக்க வேண்டும். “தாத்தா, அமெரிக்கப் பட்டாளம் வந்ததுக்கு அப்புறம் கடை வாடகை ஏறுச்சா? துணி வாங்க யாரு வந்தாங்க?” என்பதுபோல் கேட்கலாம். அங்கே அமெரிக்க வீரர்களுக்கு டாலர் நோட்டுக்குப் பதிலாக, படையினர் மட்டுமே பயன்படுத்த வேண்டிய தனிச் சீட்டுகளே பெரும்பாலும் வழங்கப்பட்டன. அவை வெளிச் சந்தையிலும் புழங்கியதால், முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் பழைய சீட்டுகளைச் செல்லாததாக்கிப் புதியவற்றை வெளியிடுவார்கள். வெளியாட்கள் கையில் வைத்திருந்தது வெறும் காகிதமாகிவிடும். அப்படிப் பணம் இழந்தவர் மனத்தில் அமெரிக்க வல்லமை என்பது குண்டுவீச்சாக இல்லாமல் அந்தச் சீட்டாகவே பதிந்திருக்கலாம். நாணயம் மாற்றும் தொழிலில் இந்திய வணிகர்களும் இருந்ததால், இந்த இடத்தில் பெரியவர் பேச்சை மாற்றினால் வற்புறுத்தக் கூடாது.

சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர், வீடுகளில் நிலை வேறு. பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவில் (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) போரிட்டவர்கள் இப்போது உயிருடன் இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். பெரும்பாலும் மகனோ மகளோ சொல்வதையே கேட்க நேரும், அதைக் கேள்விப்பட்டது என்று தெளிவாகக் குறித்துவிட வேண்டும். அந்த வீரர் ஓட்டிய லாரியும் சுமந்த துப்பாக்கியும் எந்த நாட்டுச் சரக்கு என்று கேளுங்கள். பிரான்சின் அந்தப் போர்ச் செலவில் பெரும்பகுதியை இறுதி ஆண்டுகளில் அமெரிக்காவே ஏற்றிருந்தது. தாம் தோற்ற இடத்துக்கே தமக்குச் சரக்கு தந்தவர் வந்து இறங்கியதைப் பார்த்த ஒரு பழைய வீரரின் பார்வைக்கு, எத்தனை மேடைப் பேச்சும் ஈடாகாது என்பது என் எண்ணம்.

வளைகுடாவுக்குப் போனவர்களிடம் தாள்களிலிருந்து தொடங்கலாம். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபின், பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மானை அடைந்து ஏர் இந்தியா விமானங்களில் திரும்பிய இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அப்போதைய பாஸ்போர்ட்டும், பின்னர் ஐ.நா. இழப்பீட்டு ஆணையத்துக்கு விண்ணப்பித்த படிவத்தின் நகலும் பலர் வீட்டு பீரோவில் இன்னும் இருக்கக்கூடும். அந்த இழப்பீடு ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து பிடித்து வழங்கப்பட்டது. அதை யார் கொடுத்ததாக நினைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். விடையிலிருந்தே பல செய்திகள் தெரியவரும். அமெரிக்கா தலைமையிலான படைகள் ஈராக்கை வெளியேற்றிய 1991 போருக்குப்பின் குவைத்துக்கு வேலைக்குத் திரும்பியவர் அமெரிக்காவை மீட்பராகச் சொல்லலாம். அதே மனிதர் 2003 ஈராக் போரைப் பற்றி நேர்மாறாகப் பேசலாம். இதை முரண் என்று திருத்தாமல், எந்த ஆண்டைப் பற்றிய பேச்சு என்பதை மட்டும் அருகில் எழுதுங்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் நடத்திய கருத்துக் கணிப்பில், இந்தோனேசியாவில் அமெரிக்காவை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் 2003இல் 15 விழுக்காடு. சுனாமிக்குப்பின் அமெரிக்கக் கப்பல்கள் ஆச்சே பகுதியில் நிவாரணப் பணி செய்த நிலையில், 2005இல் 38 விழுக்காடு. இரண்டே ஆண்டில் ஒரு நாடே இப்படி மாறும்போது, ஒரு மனிதர் மாறுவதில் வியப்பில்லை.

இந்திய-பாகிஸ்தான் போரின்போது, 1971 டிசம்பரில் வங்கக் கடலுக்கு வந்த என்டர்பிரைஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றிச் சுருக்கமாகக் கேட்டால் போதும். தேவனாம்பட்டினத்துக் கரையிலிருந்தே அதைப் பார்த்ததாக யாராவது சொன்னால் மறுக்க வேண்டாம். அதைக் காட்சியாகக் கொள்ளாமல், அன்றைய அச்சத்தின் அளவாகக் கொள்ளுங்கள்.

பதிவின்போது மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசியை மேசையில் ஒரு துணியின்மேல் வையுங்கள். எழுதி முடித்தபின் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டி, பெயர் போடலாமா, எந்தப் பகுதியை நீக்க வேண்டும் என்று கேளுங்கள். பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் வீடுகளில் பணத்தைப் பற்றிய வரிகளை நீக்கச் சொல்வது இயல்பு. மறுபேச்சின்றி நீக்கிவிட்டு, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.