சிம்ஸ் 4-இல் இரண்டு பெண்களுக்குப் பிள்ளை: நான் சிக்கிய இடம்

மச்சாள் இரவு பத்து மணிக்கு அழைத்தாள். ஆட்களை உருவாக்கி வாழவைக்கும் கணினி விளையாட்டான சிம்ஸ் 4-இல் நிலா, யாழினி என்று இரண்டு பெண்களைச் சோடியாக்கிக் கலியாணமும் கட்டிவைத்துவிட்டாளாம், பிள்ளை பெற முயலும் தெரிவு மட்டும் வரவே இல்லையாம். எனக்கும் விடை தெரியவில்லை. இரண்டு நாள் மண்டையைக் குழப்பிக் கண்டுபிடித்தது இது.

நிறுவுவதை நான் சொல்லத் தேவையில்லை. அடிப்படை விளையாட்டு 2022 ஒக்டோபரிலிருந்து இலவசம்தான், ஆனால் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் என் அறை இணையத்தில் ஒரு இரவு முழுக்க இறங்கியது.

ஆளை உருவாக்கும் திரையில் (சுருக்கமாக 'காஸ்') ஆண், பெண் தெரிவோடு இன்னும் நான்கு கேள்விகள் உண்டு, 2016-இல் சேர்த்தவை: உடல்வாகு, உடை, கர்ப்பம், கழிவறையில் நின்றபடியா இருந்தபடியா. நாங்கள் சிக்கியது மூன்றாவதில். பெண் என்று தெரிந்தவுடன் 'கர்ப்பமாகலாம்' என்று தானாகவே விழுந்துவிடும். இருவருக்கும் அப்படியே இருந்தால் பிள்ளை பெற முயலும் தெரிவு வராது. ஒருவருக்கு 'மற்றவரைக் கர்ப்பமாக்கலாம்' என்று மாற்றினால் போதும். அவரின் உடலோ உடையோ மாறாது.

ஏற்கெனவே உருவாக்கிய ஆளென்றால்? நான் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி ஒரு மணித்தியாலம் தேடினேன், அங்கே உடுப்பு, தலைமயிர் போன்றவைதான் மாறும். முதலில் விளையாட்டை வேறு பெயரில் சேமியுங்கள். பிறகு கொன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேலே ஒரு பெட்டி வரும். அதில் ஆங்கில எழுத்தில் 'டெஸ்டிங்சீட்ஸ் ட்ரூ' (testingcheats true), என்டர், அடுத்து 'காஸ்.ஃபுல்எடிட்மோட்' (cas.fulleditmode), என்டர். டெஸ்டிங்சீட்ஸ் ஒரே சொல், நான் நடுவில் இடைவெளி விட்டு அரை மணித்தியாலம் தொலைத்தேன். பிறகு ஷிஃப்டைப் பிடித்தபடி ஆளைச் சொடுக்கி, 'மொடிஃபை இன் காஸ்' என்பதைத் தெரிவு செய்தால் அதே நான்கு கேள்விகளும் திரும்பி வரும். இதற்கெல்லாம் மோட் (வெளியார் செய்த மாற்றக் கோப்பு) போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் உடைந்துவிடலாம், திருத்த ஒரு கிழமை அலைய வேண்டிவரும்.

யாரை யாருக்குப் பிடிக்கும் என்ற பகுதி 2022 ஜூலையில் வந்தது. காதல் ஈர்ப்பு ஒரு கேள்வி, உடலுறவு ஆர்வம் வேறு கேள்வி, இரண்டையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். இரண்டிலும் எதையும் தொடாமல் விட்டால், அந்த ஆளுக்கு அதில் நாட்டமில்லை என்று அர்த்தம். 'இன்னும் தேடிப் பார்க்கிறாரா' என்பதற்கு இல்லை என்று போட்டால், தெரிவு செய்யாத பாலினத்தவர் காதலோடு நெருங்கும்போது விலகிவிடுவார்.

சுட்டுப்பெயர் மாற்றும் வசதியும் அதே வருடம் மே மாதத்தில் வந்தது. விளையாட்டு தமிழில் இல்லை, அதனால் ஆண், பெண் என்று பிரிக்காத 'தே, தெம்' போன்ற ஆங்கில வடிவங்கள்தான். தமிழில் எப்படிச் சொல்வது என்று நானும் மச்சாளும் யோசித்தோம். 'அவர்' பொதுச்சொல் என்பார்கள், ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் அவர் என்றால் ஆண், பெண்ணுக்கு 'அவ'. சரி என்று ஒருவருக்கே 'அவை வருகினம்' (அவர்கள் வருகிறார்கள்) என்று சொல்லிப் பார்த்தோம். குசினிக்குள் இருந்து அம்மா கேட்டா: "எத்தினை பேர் வருகினம்?"

பிற்சேர்க்கை: எல்லாம் மாற்றியும் தெரிவு வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரின் வீட்டில் ஏற்கெனவே எட்டுப் பேர். ஒரு குடும்பத்துக்கு அவ்வளவுதான் இடம். மாமாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு சரிவந்ததாம்.