கனடா வந்ததும் வாங்கும் முதல் போன்

டொரோண்டோவில் வந்து இறங்கி, குளிருக்கு ஒரு ஜாக்கெட் வாங்கி, வேலைக்கும் வரிக்கும் வேண்டிய சின் நம்பர் எடுத்து, வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று. அடுத்து எல்லோரும் போய் நிற்கும் இடம் மாலில் இருக்கும் மொபைல் கடைதான். அங்கே "ஜீரோ டாலர்" என்று கண்ணைப் பறிக்கிற எழுத்தில் போட்டிருப்பார்கள். அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுப் புதுப் போனோடு வெளியே வந்துவிடுவோம். அடுத்த இரண்டு வருடமும் மாதாமாதம் என்ன போகப்போகிறது என்பது முதல் பில் வரும்போதுதான் உறைக்கும்.

டொரோண்டோவின் கிழக்கே இருக்கும் ஸ்கார்பரோவுக்கு வந்த புதிதில் நான் அந்தத் தவறைச் செய்யவில்லை. வேறொரு தவறு செய்தேன். அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

"இது அன்லாக்டு போன்தானே?" என்று புதிதாக வருகிறவர்கள் கடையில் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரே கம்பெனியின் சிம் மட்டும் வேலை செய்யும்படி பூட்டு போடாத போன் என்று அர்த்தம். கனடாவில் புதுப் போனுக்கு இந்தக் கேள்வியே வேண்டாம். தொலைத்தொடர்பை மேற்பார்க்கும் சிஆர்டிசி ஆணையம் போட்ட விதிப்படி, 2017 டிசம்பர் 1 முதல் இங்கே கம்பெனிகள் விற்கிற புதுப் போன் எல்லாமே பூட்டில்லாமல்தான் வரவேண்டும். பழைய பூட்டுப் போனாக இருந்தாலும் கேட்டால் இலவசமாகத் திறந்து தரவேண்டும். அதற்கு முன்பு பூட்டைத் திறக்கவே ஐம்பது டாலர் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது ரோஜர்ஸ், பெல், டெலஸ் என்ற பெரிய மொபைல் கம்பெனிகளில் எதில் வாங்கினாலும் அடுத்தவன் சிம் அதில் வேலை செய்யும். நம்மைக் கட்டிப்போடுவது போனுக்காக நாம் வைத்திருக்கும் பாக்கி.

அமெரிக்காவில் கதை வேறு. நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்புகிறார் என்றால், அது கம்பெனிப் பூட்டு போட்டதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால் "கேரியர் லாக்" என்ற வரி வரும். அதற்கு நேரே "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று இருந்தால் கவலை இல்லை.

இனி அந்த ஜீரோ டாலருக்கு வருவோம்.

கனடாவில் போன் வாங்க இரண்டு வழி. ஒன்று, முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கி, "சொந்தப் போன் கொண்டு வா" என்கிற வகை மலிவுத் திட்டத்தில் சிம் மட்டும் எடுப்பது. இன்னொன்று, கம்பெனியிடமே 24 மாதத் தவணையில் எடுப்பது. இந்த இரண்டாவதிலும் ஒரு உட்பிரிவு உண்டு. இரண்டு வருட முடிவில் போனைத் திருப்பிக் கொடுக்கிற திட்டம் அது. மாதத் தவணை குறைவாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு பெரிய தொகையைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். அன்றைக்கு அந்தத் தொகையைக் கட்டவேண்டும், இல்லை என்றால் போனைத் திருப்பித் தரவேண்டும். திரையில் கீறலோ உடைவோ இருந்தால் அதற்குத் தனிக் காசு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என்னுடையவை, உங்களுக்குக் கிடைக்கும் விலையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போன் 1000 டாலர் என்று வையுங்கள். முழுதாக வாங்கி, மாதம் 35 டாலர் திட்டம் எடுத்தால் இரண்டு வருடத்தில் 1000 + 840, ஆக 1840. அதே போன் கம்பெனியில் மாதம் 15 டாலர் தவணை என்கிறார்கள், ஆனால் 65 டாலர் திட்டம் எடுத்தால்தான் அந்தச் சலுகை. 360 + 1560, ஆக 1920. வித்தியாசம் 80 டாலர்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 1920-ஐக் கட்டி முடித்த அன்று போன் உங்களுடையது அல்ல. வைத்துக்கொள்ள இன்னும் 400 கேட்டால் மொத்தம் 2320. முழுப் பணம் கொடுத்தவரைவிட 480 டாலர் அதிகம்.

எப்போதுமே இப்படித்தான் முடியும் என்று சொல்லமாட்டேன். நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே, டிசம்பர் 26-இல் வரும் பாக்ஸிங் டே சமயங்களில் சில தவணைத் திட்டங்கள் நிஜமாகவே மலிவாக இருக்கும். போன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் மாதத் திட்டத்தின் விலை ஒன்றே என்றால் தாராளமாகத் தவணையில் எடுக்கலாம். கடைக்காரரிடம் கேட்கவேண்டியது இதுதான்: "சொந்தப் போன் கொண்டுவந்தால் இதே டேட்டா மாதம் எவ்வளவு?" அந்த விலைக்கும் இந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை 24-ஆல் பெருக்குங்கள். அது போனின் மறைந்திருக்கும் விலை.

ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இன்னொரு இடம் வரி. இந்தியாவில் எம்ஆர்பி என்றால் எல்லா வரியும் சேர்ந்த விலை. இங்கே அட்டையில் போட்டிருப்பது வரிக்கு முந்தைய விலை. ஒன்டாரியோவில் 13 சதவீதம் எச்எஸ்டி என்ற விற்பனை வரி சேரும், 1000 டாலர் போன் கல்லாவில் 1130 ஆகும். ஆல்பர்டாவில் 5 சதவீதம்தான். தவணையில் எடுக்கும்போது முழு விலைக்கான வரியைப் பெரும்பாலும் முதல் நாளே கட்டச் சொல்வார்கள், ஆக "ஜீரோ டாலர்" போனுக்கும் அன்றைக்கு நூறு டாலருக்கு மேல் கையிலிருந்து போகலாம். இணைப்புக் கட்டணம் என்று ஒன்று உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவருக்குக் கிரெடிட் வரலாறு, அதாவது இங்கே கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய பதிவு, கிடையாது. அதனால் தவணைக்குப் போனால் சில இடங்களில் முன்பணம் கேட்பார்கள், விலை உயர்ந்த போனைத் தரவும் தயங்குவார்கள். முழுப் பணம் கொடுத்துப் போன் வாங்கி, பப்ளிக் மொபைல், லக்கி மொபைல், சாட்டர் போன்ற பிரீபெய்டு சிம் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. இவை யாரோ சின்னக் கம்பெனிகள் என்று பயப்படவேண்டாம். முறையே டெலஸ், பெல், ரோஜர்ஸ் மூன்றும் நடத்துகிற மலிவுப் பெயர்கள்தான், டவரும் அவர்களுடையதே.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் வருந்துகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. சிஆர்டிசி விதிப்படி 15 நாள் சோதனைக் காலம். போன் புதிது போலவே இருந்து, பேச்சும் டேட்டாவும் குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால், அபராதம் இல்லாமல் திருப்பிக் கொடுத்து வெளியே வரலாம். டப்பாவையும் ரசீதையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

சரி, என் தவறுக்கு வருகிறேன்.

"அங்கே எல்லாம் விலை ஜாஸ்தி, இங்கேயே வாங்கிக்கொண்டு போ" என்று மாமா சொன்னார். திருச்சியில் புத்தம்புதுப் போன் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல போன், பூட்டும் கிடையாது. எனக்குக் கிடைத்த வீடு பேஸ்மென்ட். இங்கே வந்த புதிதில் பாதிப் பேருக்கு அதுதானே வாய்க்கிறது. வாசலில் நின்றால் சிக்னல் முழுதாக இருக்கும். பத்துப் படி இறங்கினால் "நோ சர்வீஸ்". வேலைக்கு இன்டர்வியூ கூப்பிட்ட போன் இரண்டு, வாய்ஸ்மெயிலில் போய் விழுந்தது. பக்கத்து அறையில் இருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி, அதே கம்பெனி சிம்மில், அதே பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து ஜோராகக் கதைத்துக்கொண்டிருந்தான். அவனுடையது இங்கே வாங்கிய போன்.

காரணம் பேண்ட். ஒவ்வொரு நாட்டிலும் 4ஜி, 5ஜி வெவ்வேறு அலைவரிசைகளில் ஓடுகின்றன. இந்தியப் போன்கள் 3, 8, 40 போன்ற பேண்டுகளை மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன. கனடாவில் 2, 4, 7, 66 ஆகியவற்றோடு, தாழ்ந்த அலைவரிசையில் 12, 13, 71 என்று ஓடும். 600, 700 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இந்தத் தாழ்ந்த பேண்டுகள்தான் சுவரைத் தாண்டிப் பேஸ்மென்ட்டுக்குள்ளும், ஊர் தாண்டிய நெடுஞ்சாலையிலும் எட்டுபவை. என் போனில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. பூட்டில்லாத போன் என்றால் எந்த சிம்மையும் ஏற்கும் என்றுதான் அர்த்தம். எல்லா டவரின் பாஷையும் அதற்குத் தெரியும் என்று அர்த்தமில்லை.

அதனால் ஊரிலிருந்தோ, இணையக் கடைகளில் வேறு யாரோ விற்கும் "இன்டர்நேஷனல் வெர்ஷன்" என்ற பெயரிலோ வாங்குவதாக இருந்தால், மாடல் எண்ணைத் தேடி அதன் பேண்ட் பட்டியலைப் பாருங்கள். சாம்சங்கில் கனடா மாடல் எண் டபிள்யூ என்ற எழுத்தில் முடியும், அமெரிக்காவுக்கானதில் யூ வரும். நூறு டாலர் குறைவு என்று இன்டர்நேஷனல் வெர்ஷனை எடுத்தால், பழுதானால் இங்குள்ள சர்வீஸ் மையம் வாரண்டி இல்லை என்று கைவிரிக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்றும் உண்டு. 2018 முதல் இங்கே வெள்ளம், சூறாவளி, காணாமல் போன குழந்தை போன்றவற்றுக்கு அரசின் அவசர எச்சரிக்கை போனுக்கே அலறிக்கொண்டு வரும். வெளிநாட்டு மாடல் சிலவற்றில் அது வராது. மே, நவம்பர் மாதங்களில் சோதனை ஒலி விடுவார்கள், பேருந்தில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் கத்த, உங்களுடையது மட்டும் சும்மா இருந்தால் தெரிந்துகொள்ளலாம்.

வசதிகளை ஒப்பிடுகிற கதைக்கு வருவோம். கேமராவில் எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜிபி ராம் என்பதையெல்லாம் கடை அட்டையே உரக்கச் சொல்லும். நான் பார்ப்பது வேறு.

முதலில், எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று பார்ப்பேன். கூகுள் பிக்சல் 8-லிருந்தும், சாம்சங் எஸ்24-லிருந்தும் ஏழு வருடம் என்று அறிவித்திருக்கிறார்கள். சாம்சங் ஏ16 போன்ற மலிவு மாடலுக்கே ஆறு வருடம். விலையை இந்த வருடங்களால் வகுத்துப் பாருங்கள். சில சமயம் 700 டாலர் போன் 400 டாலர் போனைவிட மலிவாக வரும். ஒரு கவனம்: இந்த வருடங்கள் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இரண்டு வருடப் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் இரண்டு வருட அப்டேட் ஏற்கெனவே போய்விட்டது.

அடுத்தது என்எஃப்சி, அதாவது போனைக் கருவியில் தட்டிக் காசு கட்ட உதவும் வசதி. ஊரில் க்யூஆர் ஸ்கேன் செய்து பழகியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, அங்கே விற்கும் மலிவுப் போன்கள் பலவற்றில் இது இருக்காது. இங்கே டீக்கடையிலிருந்து பேருந்து வரை போனைத் தட்டித்தான் காசு கட்டுகிறார்கள். டொரோண்டோ நகரப் போக்குவரத்தான டிடிசியின் பேருந்திலும் சப்வேயிலும் 2023 ஆகஸ்ட் முதல் கார்டையோ போனையோ தட்டியே ஏறலாம். பிரெஸ்டோ என்ற பயணக் கார்டையும் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

பாட்டரி பற்றி, ஜனவரி வரும்வரை யாரும் கவலைப்படுவதில்லை. ஐபோனைப் பயன்படுத்தவேண்டிய தட்பவெப்பம் 0 முதல் 35 டிகிரி என்று ஆப்பிள் சொல்கிறது. டொரோண்டோவில் பேருந்துக்கு நிற்கும்போது மைனஸ் 15 வரை இறங்குகிற நாட்களும் உண்டு. நாற்பது சதவீதம் காட்டிய போன் கண்முன்னே அணைந்துவிடும். பெரிய பாட்டரி இருக்கிற மாடலாக எடுங்கள், ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள்.

சிம் விஷயம் நமக்கு மிக முக்கியம், ஏனென்றால் ஊர் வங்கியின் ஓடிபி பழைய நம்பருக்குத்தான் வரும். இரண்டு நம்பர் ஓடும் போன் இல்லாமல் காரியம் ஆகாது. ஆனால் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022-இல் வந்த 14 முதலே சிம் தட்டு கிடையாது. 2025-இல் வந்த 17 வரிசையில் கனடா மாடலிலும் அதை எடுத்துவிட்டார்கள். போனுக்குள்ளேயே பதியும் இசிம் மட்டும்தான். அதனால் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே ஏர்டெல், ஜியோ, டயலாக் எதுவானாலும் பழைய சிம்மை இசிம்மாக மாற்றிக்கொள்வது நல்லது, இங்கே வந்தபின் சரிபார்ப்புக்கு அலைவது பெரும்பாடு. சர்வதேச ரோமிங்கையும் போட்டுக்கொண்டு வாருங்கள். இந்திய பிரீபெய்டு நம்பரை 90 நாள் தொடாமல் விட்டால் துண்டித்துவிட இடமுண்டு, ரீசார்ஜை மறக்கவேண்டாம்.

எங்கே வாங்குவது என்றால், தயாரிப்பாளரின் சொந்தத் தளம், பெஸ்ட் பை, காஸ்ட்கோ, அமேசான் நான்கையும் ஒரே நாளில் பாருங்கள். விலை ஒன்றாகவே இருந்தாலும், ஒருவர் கிஃப்ட் கார்டு கொடுப்பார், இன்னொருவர் திருப்பிக் கொடுக்க அதிக நாள் தருவார். விற்பவர் அந்தக் கடையேதானா, அந்தத் தளத்தில் இடம்பிடித்த வேறு ஆளா என்பதையும் பாருங்கள். உறை, திரைக் கண்ணாடி எல்லாம் கம்பெனிக் கடையில் வாங்கவேண்டாம். மார்க்கம் எல்லையில் இருக்கும் பசிபிக் மாலுக்கு ஒரு நடை போனால் பேரம் பேசி வாங்கலாம், ஊர் நினைவும் வரும்.

தெரிந்தவர் கைமாற்றும் "சீல் பிரிக்காத புதுப் போன்" என்றால், பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணைக் கேளுங்கள். டப்பாவிலேயே இருக்கும், போனில் *#06# அழுத்தினாலும் வரும். டிவைஸ்செக் டாட் சிஏ என்ற தளத்தில் அதைப் போட்டால், தொலைந்ததாகவோ திருடப்பட்டதாகவோ கனடாவில் பதிவாகியிருக்கிறதா என்று இலவசமாகச் சொல்லும். எண்ணைத் தர யோசிக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

என் திருச்சிப் போன் இன்னும் இருக்கிறது. ஊர் சிம் அதில்தான். பேஸ்மென்ட்டில் இருந்த ஒரே ஜன்னல் அடுப்பங்கரை மேலே, மண்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில். வங்கிக்குப் பணம் அனுப்பவேண்டிய நாளில் அந்த ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, ஓடிபி வரும்வரை சாம்பாரைக் கிளறிக்கொண்டு நிற்பேன்.