பிரெஞ்சுல வயிறுக்கு 'எஸ்தொமாக்' இல்ல, 'எஸ்தொமா'!

பிரெஞ்சு படிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன டிப். இரைப்பைக்கு அவங்க எழுதுற வார்த்தையோட கடைசில 'ஸி' எழுத்து இருக்கும், அதப் பாத்துட்டு நானும் ரொம்ப நாளா 'எஸ்டோமாக்'னு தான் சொல்லிட்டு திரிஞ்சேன், அந்த 'ஸி' வாயத் தொறக்கவே தொறக்காதாம். பன்மைல பின்னாடி ஒரு 'எஸ்' சேத்தாலும் அதே சத்தம் தான்.

பிரிக்கிறது இப்படி: எஸ் - தொ - மா. மூணே அசை. ரெண்டு உயிரெழுத்துக்கு நடுவுல 'எஸ்', 'டி'னு ரெண்டு மெய் ஒட்டி வருதுல்ல, அத ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் குடுத்துடணும், ஒத்த மெய் வந்தா அது அடுத்த உயிரோட போயிடும், அவ்ளோதான் கணக்கு.

இங்க நமக்கு ஒரு லக்கு இருக்கு. பிரெஞ்சு 'டி' இங்கிலீஷ் 'டி' மாதிரி இல்ல, நாக்கு பல்லத் தொடும், கிட்டத்தட்ட நம்ம 'பத்து'ல வர்ற 'த்' தான். அதனால 'ஸ்டோ' வேணாம், 'ஸ்தொ', அதுவும் குறில். அழுத்தம் கடைசி அசைல, ஆனா 'மா'வ ரொம்ப இழுக்காதீங்க.

வயிறு வலிக்குதுன்னா 'ஜே மல் ஆ லெஸ்தொமா'. முன்னாடி வர்ற 'ல்' ஒட்டிக்கிட்டு 'லெஸ்' ஆயிடும், நடுவுல கேப் விடக்கூடாது.

புகையிலைக்கும் இதே கதை, 'தபா' தான். ஆனா பை, ஏரி ரெண்டும் 'சாக்', 'லாக்', அங்க கடைசி 'க்' கேக்கும். ஏன்னு கேட்டா ரூல் எல்லாம் இல்லங்க, மனப்பாடம் தான்.