பழைய மெசினும் சேலைப் பைகளும்

பென்சனுக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அலுமாரியில் கிடந்த நூல் சேலைகளைச் சந்தைப் பைகளாகத் தைக்க நினைத்து, மூலையில் இருந்த தையல் மெசினைத் தூசி தட்டினேன். தைத்துப் பார்த்தால் துணியின் அடிப்பக்கம் முழுக்க நூல் வளையம் வளையமாகத் தொங்கியது.

அடியில்தானே பிழை என்று அடி நூல் சுற்றிய பொபினைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். இரண்டு நாள் போனது. திருத்த வந்தவரோ புது மெசின் வாங்கச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்.

பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னா: "அடியில் வளையம் வந்தால் மேல் நூலைப் பாருங்கோ." துணியை அழுத்திப் பிடிக்கும் மெசின் பாதத்தைத் தூக்கி வைத்துத்தான் மேல் நூலைக் கோர்க்க வேண்டும். பாதம் கீழே இருந்தால் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றின் நடுவே இறங்காது. நான் இத்தனை நாளும் பாதத்தை இறக்கிவிட்டே கோர்த்திருக்கிறேன்!

ஊசியையும் மாற்றினேன். எங்கள் வீடு உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. உப்புக்காற்றில் ஊசி துருப்பிடித்திருந்தது. பொபின் கூட்டுக்குள் அடைந்திருந்த பஞ்சைப் பழைய பல்துலக்கியால் எடுத்தேன். அப்புறம் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு. என் கணவர் ஒருமுறை தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். அது பிசினாகி ஒட்டிக்கொண்டிருந்ததைத் துடைக்கவே ஒரு பின்னேரம் போனது.

ஒரு சேலையில் ஏழு பை வந்தது. முந்தானைப் பையை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.