மக்கும் மண் ஈர சென்சார்: புதைப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலாற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு. வேலூர், குடியாத்தம், அணைக்கட்டு பக்கம் விவசாயம் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பித்தான் நடக்கிறது. பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால், கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிடுகிறோம். மண்ணுக்கு இன்று தண்ணீர் வேண்டுமா என்று பார்ப்பது அபூர்வம். அதைச் சொல்லத்தான் ஈர சென்சார். ஆனால் ஒரு ஏக்கருக்கு நாலைந்து இடத்தில் பிளாஸ்டிக் சென்சாரைப் புதைத்தால், அறுவடை முடிந்ததும் தேடி எடுக்க வேண்டும். மறந்தால் ரொட்டவேட்டரில் சிக்கித் தூளாகி மண்ணிலேயே கிடக்கும். பயிர் முடிந்ததும் தானே மக்கிப்போகும் சென்சார் என்ற யோசனை இங்கிருந்துதான் பிறந்தது.

ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகக் குழு நானோ காகிதம் (மர நாரை மிக நுண்ணிய இழைகளாக்கிச் செய்த காகிதம்), இயற்கை மெழுகு, தகரக் கம்பித் தடம் ஆகியவற்றைக் கொண்டு ஒன்றைச் செய்து காட்டியது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகக் குழு, நுண்ணுயிர்கள் உருவாக்கும் பி.ஹெச்.பி.வி. என்ற பாலிமரில் சென்சார்களை அச்சிட்டுப் பார்க்கிறது. பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூட நிலையில்தான் உள்ளன. ஆனாலும் கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட், சோதனை வயல் என்று இவை நம் ஊர் மண்ணுக்குள் போகும் நாள் தூரமில்லை.

முதல் தவறு, ‘மக்கும்’ என்ற சொல்லை அப்படியே நம்புவது. எந்தப் பாகம் மக்கும், எங்கே மக்கும், எத்தனை மாதத்தில் மக்கும் என்று மூன்றையும் கேட்க வேண்டும். மக்காச்சோள மாவிலிருந்து வரும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்குக்கும் ‘மக்கும்’ என்ற பெயர் உண்டு. ஆனால் அது ஒழுங்காக மக்க 58 டிகிரி அளவு சூடுள்ள தொழிற்சாலை உரக்குழி வேண்டும். வயலில் வருஷக்கணக்கில் கிடக்கும். காகிதம், மரம், பி.ஹெச்.பி.வி. போன்றவை வயல் மண்ணிலேயே மக்கக்கூடியவை. அப்புறம் சிப், பேட்டரி, ஆன்டெனா. இவை மக்காது. சென்சார் மக்கினாலும் பேட்டரி மண்ணில் தங்கினால் என்ன லாபம்? ஒசாகா குழு பேட்டரியே வைக்கவில்லை. கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்பி, சென்சாருக்குள் இருக்கும் சிறு ஹீட்டர் எவ்வளவு சூடாகிறது என்று வெப்பக் கேமராவில் பார்த்து ஈரத்தைக் கணிக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நம் ஊர் மே மாத உச்சிவெயிலில் மண்ணே கொதிக்கும்போது அந்தக் கேமராவுக்கு எதுவும் பிரிந்து தெரியுமா என்பது என் சந்தேகம். பார்ப்பதானால் விடியற்காலையில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சென்சாரின் ஆயுளைப் பயிரின் ஆயுளோடு ஒப்பிடாமல் வாங்குவது. மணிலா (வேர்க்கடலை) 105, 110 நாளில் முடிந்துவிடும். இலவம்பாடி முள்ளுக்கத்திரி மாதக்கணக்கில் காய்க்கும். கரும்புக்கு 10 முதல் 12 மாதம். மக்கும் வேகத்தை நிர்ணயிப்பது நாட்காட்டி இல்லை. சூடு, ஈரம், நுண்ணுயிர்கள் ஆகிய மூன்றும்தான். தொழு உரம் தாராளமாகப் போட்ட சூடான மண்ணில் குளிர்நாட்டுக் கணக்கு செல்லாது. செம்மண் காட்டில் கரையான் வேறு. காகிதமும் கட்டையும் அதற்கு விருந்து.

இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. மெழுகுப் பூச்சு தேய்ந்து தண்ணீர் உள்ளே போனால், சென்சார் சட்டென்று நின்றுவிடாது; பெரும்பாலும் ‘ஈரம் இருக்கிறது’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். செடி வாடும், திரையில் எண் நன்றாக இருக்கும். அதனால் வாரம் ஒருமுறையாவது மண்வெட்டியால் வேர் மட்டம் வரை தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பாருங்கள்.

மூன்றாவது தவறு, வட ஆற்காட்டில் (வேலூர் வட்டாரம்) கட்டாயம் பார்க்க வேண்டிய உப்பை மறப்பது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பும் வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் உப்புக் கரித்த கிணறுகள் யாருக்கும் புதிதல்ல. இது சென்சாரைக் குழப்பும். ஒரு பொருள் மின்னூட்டத்தை எவ்வளவு தேக்க உதவும் என்று காட்டும் எண் மின்காப்பு மாறிலி. அது தண்ணீருக்குச் சுமார் 80, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கெப்பாசிட்டிவ் சென்சார் ஈரத்தை அளக்கிறது. மண்ணில் உப்பு ஏறினால் மின்சாரம் கசிந்து, உள்ளதைவிட அதிக ஈரம் காட்டும். மின்தடையை மட்டும் அளக்கும் மலிவான வகைக்கு ஏமாற்றம் இன்னும் அதிகம். எனவே கம்பெனி தரும் அளவுத்திருத்தத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் மண்ணையும் உங்கள் கிணற்றுத் தண்ணீரையும் வைத்தே சரிபார்க்க வேண்டும்.

அது கஷ்டமான வேலை இல்லை. 1,000 கன சென்டிமீட்டர் கொள்ளும் டப்பாவைச் சென்சாருக்குப் பக்கத்தில் மண்ணில் இறக்கி, மண் கலையாமல் முழுசாக எடுங்கள். மண்ணின் எடை 1,650 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் காயவைத்த பிறகு 1,450 கிராம். போனது 200 கிராம் தண்ணீர், அதாவது கன அளவில் 20 சதவீதம். மண்ணை எடுத்த நேரத்தில் சென்சார் என்ன காட்டியது என்று எழுதிவையுங்கள். ஈரமாக, நடுத்தரமாக, காய்ந்து என்று மூன்று நிலையில் செய்தால் உங்கள் வயலுக்கான அளவுத்திருத்தக் கோடு கிடைத்துவிடும். ஆய்வக அடுப்புக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். இன்னொன்று, 20 சதவீதம் என்பது மணல் கலந்த மண்ணில் போதுமான ஈரம். ஏரி வண்டல் களியில் அதே எண்ணில் பயிர் வாடத் தொடங்கலாம். பக்கத்துக் காட்டுக்காரர் தண்ணீர் விட வைத்திருக்கும் ஈர அளவைக் காப்பியடிக்காதீர்கள்.

புதைக்கும் இடத்திலும் சறுக்கல் நடக்கிறது. சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவாய்க்கு நேர் கீழே வைத்தால் எப்போதும் ஈரம். இரண்டு குழாய்க்கு நடுவே வைத்தால் எப்போதும் காய்ச்சல். சொட்டுவாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மணிலாவுக்கு 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வையுங்கள். கரும்புக்கு 20-ல் ஒன்றும் 45-ல் ஒன்றும். சரளை மண்ணில் கல் இல்லாத இடம் பார்த்து, சுற்றி மண்ணைச் சேறாக்கி ஒட்ட வைக்க வேண்டும். காற்று இடைவெளி இருந்தால் வரும் எண்ணில் அர்த்தமில்லை. வைத்த இடத்தில் குச்சி நட மறக்காதீர்கள். மக்கினதா என்று பிறகு தோண்டிப் பார்க்கவும் அது வேண்டும்.

இத்தனையும் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்றில்லை. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய கையடக்க மண் ஈரங்காட்டி இருக்கிறது. கம்பியை மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் உடனே மோட்டாரைப் போட வேண்டும். அது மக்காது, ஆனால் குத்திப் பார்த்துவிட்டு அடுத்த பாத்திக்குக் கையோடு எடுத்துப்போகலாம்.