சாத்தனுக்கு ஒரு கால் கூடினால்: சாத்தானின் பெயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெய்ப்புப் பார்க்கும் வேலையில் ஒருமுறை மணிமேகலை பற்றிய கட்டுரை வந்தது. நூலாசிரியர் பெயர் 'சீத்தலைச் சாத்தானார்' என்று இருந்தது. ஒரு துணைக்கால் கூடியதில் பௌத்தக் காப்பியம் பாடிய புலவர் நேரே நரகத்துக்குப் போய்விட்டார். சிரித்துக்கொண்டே திருத்தினேன். ஆனால் இதை வெறும் தட்டச்சுப் பிழை என்று தள்ளிவிட முடியாது. சாத்தன், சாத்தான் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று மெய்யாகவே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

சாத்தன் பழந்தமிழ்ப் பெயர். ஐயனாருக்கும் அந்தப் பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் வருகிறான். இலக்கண உரைகளில் எடுத்துக்காட்டு வேண்டும் என்றால் முதலில் வந்து நிற்பவனும் அவன்தான். சாத்தான் எபிரேயச் சொல். எதிர்த்து நிற்பவன், குற்றம் சாட்டுபவன் என்று பொருள். ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

அந்த எபிரேயச் சொல்லும் தொடக்கத்தில் ஆள்பெயர் இல்லை. பழைய ஏற்பாட்டில் யோபுவின் கதையில், எபிரேய மூலத்தில் 'அந்தச் சாத்தான்' என்று சுட்டோடுதான் வருகிறது, அரசு வழக்கறிஞர் என்பதுபோல ஒரு பதவிப்பெயராக. இன்னும் வேடிக்கை, அதே ஏற்பாட்டின் எண்ணாகமம் 22இல் பிலேயாம் என்ற தீர்க்கதரிசியின் கழுதையை வழிமறித்து நிற்பது கர்த்தருடைய தூதன். அவன் எதிராளியாக நின்றான் என்று சொல்லவும் மூலத்தில் இதே சொல்தான்.

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் லூசிபர். 'சாத்தானின் இயற்பெயர் லூசிபர், வானத்திலிருந்து விழுவதற்கு முன் அதுதான் பெயர்' என்று எழுதாத ஆள் இல்லை. ஏசாயா 14:12ஐத் தமிழ் வேதாகமத்தில் திறந்து பாருங்கள்: 'அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே, நீ வானத்திலிருந்து விழுந்தாயே!' லூசிபரே இல்லை. அந்தப் பகுதி பாபிலோன் ராஜாவை ஏளனம் செய்யும் பாட்டு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், விடிவெள்ளிக்கு லத்தீனில் வழங்கிய 'லூசிபர்' என்ற சொல்லைப் போட்டார். ஒளியைக் கொண்டுவருவது என்று பொருள். 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதை அப்படியே ஒரு பெயராக வைத்துக்கொண்டது. அதைப் படித்தவர்களுக்கு அது ஓர் ஆளாகிவிட்டது. அந்தச் சொல்லில் தீயது எதுவும் இல்லை. ஜெரோமின் மொழிபெயர்ப்புக்குச் சற்று முன் சார்டினியாத் தீவின் காலியாரி நகர ஆயர் ஒருவருக்கே லூசிபர் என்றுதான் பெயர். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இயேசு தம்மையே 'பிரகாசமுள்ள விடிவெள்ளி நட்சத்திரம்' என்கிறார். டச்சுக்காரர்கள் இன்றைக்கும் தீக்குச்சியை லூசிபர் என்றுதான் சொல்கிறார்கள். பின்னாளைய கிறிஸ்தவ மரபு அந்த வசனத்தைச் சாத்தானின் வீழ்ச்சியாக வாசித்தது உண்மை. மரபு அப்படிச் சொல்கிறது என்று எழுதுங்கள், போதும்.

அடுத்தது நம் வீட்டுக் குழப்பம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று தியாபொலொஸ், அவதூறு சொல்பவன், ஒரே ஒருவன். மற்றது ஆளைப் பிடித்து ஆட்டும் பேய்க்கூட்டத்தைக் குறிக்கும். பழைய தமிழ் வேதாகமம் இரண்டுக்கும் 'பிசாசு' என்றே எழுதியது. அதனால் வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவனும், கிராமத்தில் ஒருத்தியைப் பிடித்ததும் ஒரே ஆசாமி என்று தோன்றிவிடுகிறது. கத்தோலிக்கர் கையிலுள்ள பொது மொழிபெயர்ப்பு சோதித்தவனை 'அலகை' என்றும் கூட்டத்தைப் 'பேய்கள்' என்றும் பிரித்தது. எனக்கு இது பிடிக்கும். அலகை புதிதாக உருவாக்கிய சொல் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். குறள் 850ஐப் பார்க்கட்டும்: 'உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து அலகையா வைக்கப் படும்.' ஆனால் வள்ளுவர் சொல்லும் அலகை சாதாரணப் பேய். விவிலியத்தின் சாத்தானை அதில் ஏற்றிப் பொருள் சொல்லக் கூடாது.

பெயெல்செபூல் வேறு கதை. எக்ரோன் என்ற பெலிஸ்தியர் ஊரின் தெய்வம் பாகால்சேபூப். 'ஈக்களின் தலைவன்' என்று பொருள் வருவது, பக்கத்து ஊர்க்காரர்களான இஸ்ரவேலர் வேண்டுமென்றே திரித்த கேலி என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்தத் தெய்வத்தின் பெயர்தான் சுவிசேஷ காலத்தில் பிசாசுகளின் தலைவனுக்குப் போனது. பேலியாளும் அப்படித்தான், 'உதவாக்கரைத்தனம்' என்ற பொருளுள்ள சொல் ஆளாகிவிட்டது. 666 பெயரே இல்லை, அது வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் எண். சில பழைய கையெழுத்துப் படிகளில் 616 என்றும் இருக்கிறது.

இஸ்லாமிய வழக்கை எழுதும்போது, அங்கே சாத்தானுக்குப் பெயரான இப்லீஸை 'விழுந்த வானவர்' என்று போட்டுவிடாதீர்கள். குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயம், 50ஆம் வசனம், அவன் ஜின் இனத்தவன் என்கிறது. ஷைத்தான் அவன் ஒருவனுக்கு மட்டுமான பெயரும் இல்லை. மனிதரிலும் ஷைத்தான்கள் உண்டு என்று குர்ஆனே சொல்கிறது. அப்புறம், எமனைச் சாத்தானுக்கு இந்துச் சமமாக நிறுத்துவதும் தவறு. எமன் தருமராஜன், கணக்குப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவன். யாரையும் பாவத்தில் இழுத்துவிடுவது அவன் வேலை இல்லை.

செல்லப்பெயர்கள்தான் மொழிபெயர்ப்பவருக்குத் தலைவலி. ஆங்கிலத்தில் சாத்தானை 'ஓல்ட் நிக்', 'ஓல்ட் ஸ்கிராட்ச்' என்பார்கள். நிக் என்பது இத்தாலிய அரசியல் எழுத்தாளர் நிக்கோலோ மாக்கியவெல்லியின் பெயரிலிருந்து வந்தது என்ற கதைக்கு உறுதியான சான்று இல்லை, அதை நம்பி அடிக்குறிப்பு போட வேண்டாம். 'பழைய நிக்' என்று எழுதினால் யாரோ பழைய நண்பன் வருகிறான் என்று வாசகர் காத்திருப்பார். பெயரைச் சொன்னால் வந்துவிடுவான் என்ற பயம்தான் இந்தப் பெயர்களுக்குக் காரணம் என்பார்கள். ராத்திரியில் பாம்பைப் 'பூச்சி' என்கிற நமக்கு அது புரியாததா? அதற்காகக் 'காத்து கருப்பு' என்று போட்டாலும் தப்பு, அது அலைகிற ஆவி. ஒரு படத்துக்குத் துணைத்தலைப்பு எழுதும்போது, பாட்டி ஒருத்தி குரலைத் தாழ்த்தி ஓல்ட் நிக் என்றாள். நான் 'அவன்' என்று மட்டும் எழுதினேன். எவன் என்று யாரும் கேட்கவில்லை.