குடியரசுக் கட்சியின் உட்பூசலைப் புரிந்துகொள்வது எப்படி?

"குடியரசுக் கட்சி மிதவாதிகள் போர்க்கொடி", "பழமைவாதிகள் முட்டுக்கட்டை" என்னும் தலைப்புகள் அமெரிக்க நாடாளுமன்றச் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. இவற்றில் எது வெறும் மிரட்டல், எது உண்மையிலேயே ஒரு மசோதாவைக் கவிழ்க்கப் போகிறது என்பதைச் செய்தி வந்த அன்றே ஓரளவு கணித்துவிடலாம். அதற்கு உறுப்பினர்களின் பேட்டிகள் அதிகம் உதவுவதில்லை. சபையின் எண்ணிக்கை, உறுப்பினரின் தொகுதி, அவர் கையிலுள்ள விதி ஆகிய மூன்றையும் பார்க்கப் பழகினால் போதும்.

இந்திய அரசியலைப் பார்த்துப் பழகியவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் கட்சித்தாவல் தடைச் சட்டம் போன்ற எதுவும் கிடையாது. கொறடாவை மீறி வாக்களித்தவரின் பதவி பறிபோவதில்லை. வேட்பாளரையும் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் அந்தந்தத் தொகுதியின் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே சபாநாயகரிடம் மிஞ்சுவது குழுப் பொறுப்புகள், தேர்தல் நிதி, கெஞ்சல் ஆகியவைதான்.

அடுத்து, கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கீழவையான பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள். வாக்குகள் சமமானால் மசோதா தோற்றுப்போகும். 2023 ஜனவரியில் குடியரசுக் கட்சிக்கு 222 பேர், ஜனநாயகக் கட்சிக்கு 212 பேர் இருந்தார்கள். எதிர்த்தரப்பு ஒட்டுமொத்தமாக எதிர்த்தால், ஆளுந்தரப்பு நான்கு பேரை இழந்தும் பிழைக்கலாம்; ஐந்தாவது ஆள் மாறினால் 217க்கு 217 ஆகிவிடும். 2024 தேர்தல் தந்த 220க்கு 215 என்ற கணக்கில், இழக்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை இரண்டாகச் சுருங்கியது. ராஜினாமா, மரணம், விடுப்பு என ஒவ்வொன்றும் இந்த எண்ணை மாற்றும் என்பதால், செய்தியில் "பன்னிரண்டு பேர் அதிருப்தி" என்று படித்தவுடன் அன்றைய நிலையில் எத்தனை பேர் போதும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இடைவெளி முப்பதாக இருக்கும் காலத்தில் பன்னிரண்டு பேரின் அதிருப்திக்குப் பெரிய மதிப்பில்லை.

அணிகளை அடையாளம் காண்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 2015 ஜனவரியில் உருவான ஃப்ரீடம் காக்கஸ் வலது கோடியில் நிற்கிறது. அழைப்பின் பேரில் மட்டுமே சேர முடிகிற இக்குழு தன் உறுப்பினர் பட்டியலை அதிகாரபூர்வமாக வெளியிடுவதில்லை. மறுபுறம், முன்பு டியூஸ்டே குரூப் என்று அழைக்கப்பட்ட ரிபப்ளிகன் கவர்னன்ஸ் குரூப்பில் மிதவாதிகள் கூடுகிறார்கள். கட்சியின் பெரும்பான்மை உறுப்பினர்கள் இரண்டிலும் இல்லை. 1973இல் தொடங்கிய ரிபப்ளிகன் ஸ்டடி கமிட்டியில் இருந்துகொண்டு, பெரும்பாலும் தலைமை சொல்கிறபடி வாக்களிக்கிறார்கள்.

ஆனால் குழுவின் பெயரைவிடத் தொகுதியே அதிகம் சொல்லும். பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டியிலிருந்து வரும் பிரையன் ஃபிட்ஸ்பேட்ரிக், நியூயார்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கைச் சேர்ந்த மைக் லாலர், நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்து டான் பேக்கன் ஆகியோர் மிதவாதிகள் எனப்படுவதற்கு முதற்காரணம், ஜனநாயகக் கட்சியினரும் எந்தப் பக்கமும் சாராதவர்களும் வாக்களித்தால்தான் அவர்களால் வெல்ல முடியும் என்பதே. கருத்து வேறுபாடு அதற்குப் பின்னால்தான் வருகிறது.

இந்த இடத்தில் இன்னொரு கோட்டையும் வரைந்துகொள்ள வேண்டும், அது டிரம்ப் மீதான விசுவாசம். வயோமிங்கின் லிஸ் சேனி வாக்களித்த முறையை வைத்துப் பார்த்தால் அவர் அப்பழுக்கற்ற பழமைவாதி. ஆயினும் டிரம்பை எதிர்த்ததற்காக 2021 மே மாதம் கட்சியின் மூன்றாம் நிலைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த எலிஸ் ஸ்டெஃபானிக், வாக்களிப்பில் சேனியைவிட மிதமானவர். இந்த ஒரு மாற்றத்தை மனத்தில் வைத்திருந்தால், "மிதவாதி" என்று வசையாகச் சொல்லப்படும் ஒருவர் உண்மையில் எந்தக் கோட்டில் விலகியிருக்கிறார் என்று பிரித்துப் பார்க்க வரும்.

இனி ஆயுதங்களைப் பாருங்கள், ஏனெனில் இரு தரப்பின் ஆயுதங்களும் ஒன்றல்ல. பழமைவாதிகளின் முதல் ஆயுதம் விதி வாக்கெடுப்பு. மசோதா விவாதத்துக்கு வருமுன் அதற்கான நடைமுறையை சபை அங்கீகரிக்க வேண்டும். முன்பெல்லாம் ஆளுந்தரப்பு உறுப்பினர்கள் இதில் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பது வழக்கம். 2023 ஜூனில், அரசு வாங்கக்கூடிய கடனின் உச்சவரம்பு குறித்து அப்போதைய சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி அதிபர் பைடனோடு செய்த உடன்பாட்டின் மீதான கோபத்தில், கேஸ் அடுப்புகளைக் கட்டுப்பாடுகளிலிருந்து காக்கும் மசோதாவுக்கான விதியை அவர்கள் தோற்கடித்தார்கள். அந்த மசோதா அவர்களுக்கே பிடித்தமானது என்பதுதான் வேடிக்கை. 2002க்குப் பிறகு அப்படி ஒரு விதி தோற்றது அதுவே முதல் முறை.

இரண்டாவது ஆயுதம் சபாநாயகரை நீக்கும் தீர்மானம். அது எப்படிக் கூர் தீட்டப்பட்டது என்பதை அறிய 2023 ஜனவரி 6 இரவைப் பார்க்க வேண்டும். சபாநாயகர் தேர்தலின் பதினான்காவது சுற்றில் கெவின் மெக்கார்த்திக்கு ஒரே ஒரு வாக்கு குறைந்தது. அவரை எதிர்த்துவந்த சொந்தக் கட்சிக்காரர் மேட் கேட்ஸ் ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்று சொல்லி அமர்ந்துவிட்டார். மெக்கார்த்தி அவருடைய இருக்கைக்கே நடந்து சென்று பேசிப் பார்த்தார். அலபாமாவின் மைக் ராஜர்ஸ் கேட்ஸை நோக்கிப் பாய, சக உறுப்பினர் ரிச்சர்ட் ஹட்சன் பின்னாலிருந்து ராஜர்ஸின் முகத்தைப் பிடித்து இழுத்து நிறுத்தியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. நள்ளிரவு கடந்து பதினைந்தாவது சுற்றில் மெக்கார்த்தி வென்றார். அதற்குள், ஒரே உறுப்பினர் நினைத்தாலும் சபாநாயகர் மீது தீர்மானம் கொண்டுவரலாம் என்ற விதிக்கு இசைந்திருந்தார். ஒன்பது மாதங்கள் கழித்து, அக்டோபர் 3 அன்று, கேட்ஸ் அந்த விதியையே பயன்படுத்தினார். தீர்மானம் 216க்கு 210 என நிறைவேறியது. குடியரசுக் கட்சியினர் எட்டுப் பேர் அதற்கு வாக்களித்திருந்தார்கள். ஒரு சபாநாயகர் இவ்வாறு நீக்கப்பட்டது வரலாற்றில் முதல் முறை. 2025 ஜனவரியில் விதி இறுக்கப்பட்டது. இப்போது பெரும்பான்மைக் கட்சியினர் ஒன்பது பேர் சேர வேண்டும். எனவே இன்று ஒருவர் மட்டும் சபாநாயகரை மிரட்டினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மிதவாதிகளின் ஆயுதம் டிஸ்சார்ஜ் பெட்டிஷன் எனப்படும் மனு. 218 உறுப்பினர்கள் கையெழுத்திட்டால், தலைமை விரும்பாவிட்டாலும் மசோதா வாக்கெடுப்புக்கு வரும். இதில் கையெழுத்திடுவது எதிர்க்கட்சியோடு கைகோப்பதற்குச் சமம் என்பதால் அவர்கள் கடைசி நேரத்தில் பின்வாங்குவதே வழக்கமாக இருந்தது. 2018இல், சிறுவயதில் அமெரிக்காவுக்கு அழைத்து வரப்பட்டவர்களுக்கான குடியேற்ற மசோதாவுக்கு இரண்டே கையெழுத்துகள் குறைந்த நிலையில் முயற்சி நின்றுபோனது. ஆனால் 2025 டிசம்பரில், மருத்துவக் காப்பீட்டு மானியத்தை மூன்று ஆண்டுகள் நீட்டிக்கும் ஜனநாயகக் கட்சியின் மனுவில் ஃபிட்ஸ்பேட்ரிக், லாலர் உட்பட நால்வர் கையெழுத்திட்டு 218ஐ எட்டச் செய்தார்கள். அவர்கள் கொண்டுவந்த திருத்தங்களைத் தலைமை ஏற்க மறுத்த பிறகே இது நடந்தது. என் கணிப்பில், மிதவாதிகளின் கோபத்தை அளக்க அந்த மனுவின் கையெழுத்துப் பட்டியலைவிட நம்பகமான கருவி இல்லை.

எதிர்த்து வாக்களிப்பவர் எந்தத் திசையிலிருந்து எதிர்க்கிறார் என்றும் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பாருங்கள். 2025 ஜூலை 3 அன்று டிரம்பின் பெரும் வரி மசோதா 218க்கு 214 என நிறைவேறியபோது, குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர்கள் இருவர் மட்டுமே. கென்டக்கியின் தாமஸ் மாஸிக்கு அது பற்றாக்குறையைப் பெருக்கும் மசோதா; ஃபிட்ஸ்பேட்ரிக்குக்கு அது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை வெட்டும் மசோதா. ஒருவரைத் திருப்திப்படுத்தச் செய்யும் திருத்தம் மற்றவரை இன்னும் தள்ளிவிடும். 2017இல் ஒபாமா காப்பீட்டுச் சட்டத்தை நீக்க முயன்றபோது இதுவே நடந்தது. மார்ச் 24 அன்று வாக்குகள் போதாமல் மசோதா திரும்பப் பெறப்பட்டது. மிதவாதக் குழுவின் இணைத்தலைவர் டாம் மெக்ஆர்தரே பழமைவாதிகளோடு பேசி ஒரு திருத்தம் கொண்டுவந்த பின், மே 4இல் 217க்கு 213 என அது நிறைவேறியது. அவர் குழுவின் பொறுப்பை விட்டு விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் தொகுதியையும் இழந்தார்.

கோரிக்கையில் ஒரு எண் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். மாநில, உள்ளாட்சி வரிகளாகக் கட்டியதை மத்திய வரிக் கணக்கில் கழித்துக்கொள்வதற்கு 2017 சட்டம் 10,000 டாலர் உச்சவரம்பு வைத்திருந்தது. அதை உயர்த்தாமல் வாக்கில்லை என்று நியூயார்க், நியூஜெர்சி உறுப்பினர்கள் 2025இல் உறுதியாக நின்றார்கள். 30,000 டாலர் தருவதாகச் சொன்னதை மறுத்து 40,000 டாலர் பெற்றார்கள். டிரம்பின் அதே வரி மசோதாவில் மெடிகெய்டு குறித்துக் கடிதம் எழுதிய மிதவாதிகள் பெரும்பாலும் ஆதரித்தே வாக்களித்தார்கள். தொகுதி மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மெடிகெய்டை நம்பியிருக்கும் கலிபோர்னியாவின் டேவிட் வலடேவும் அவர்களுள் ஒருவர். "கவலை", "ஆழ்ந்த அக்கறை" என்னும் சொற்களால் எழுதப்பட்ட கடிதத்தை எதிர்ப்பாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிரைமரி நாட்காட்டியை அருகில் வைத்திருங்கள். 2021இல் டிரம்ப் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டு சுமத்த பிரதிநிதிகள் சபையில் வாக்களித்த குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர். நால்வர் போட்டியிலிருந்து விலகினார்கள், சேனி உட்பட நால்வர் பிரைமரியில் தோற்றார்கள். தப்பிய இருவரான வலடே, டான் நியூஹவுஸ் ஆகியோர் கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலத்தவர்கள். அங்கே எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பிரைமரியில் நின்று முதல் இருவர் பொதுத்தேர்தலுக்குப் போகிறார்கள். மிதவாதி ஒருவர் எவ்வளவு துணிவார் என்பதை அவருடைய மாநிலத்தின் தேர்தல் முறையே பாதி தீர்மானித்துவிடுகிறது. வேட்புமனுக் கெடு முடிந்தபின் குரல் உயர்வதையும் பார்க்கலாம். செனட்டர் தாம் டில்லிஸ் வரி மசோதாவை எதிர்த்த மறுநாளே இனிப் போட்டியில்லை என்று அறிவித்தார். ஓய்வு பெறப்போகிறவரின் வாக்கை எப்போதும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மேலவையான செனட்டுக்குத் தனிக் கணக்கு உண்டு. பெரும்பாலான மசோதாக்களுக்கு 60 வாக்குகள் தேவைப்படுவதால் உட்பூசல் அங்கே வெளியே தெரிவதில்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற நிதி மசோதாக்களில்தான் சூசன் காலின்ஸ், லிசா மர்கவ்ஸ்கி போன்ற மிதவாத செனட்டர்களின் எடை தெரியவரும்.

வாக்கெடுப்பு நாளில் கடிகாரத்தையும் பாருங்கள். பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டிய வாக்கெடுப்பு நீண்டால், தலைமையிடம் வாக்குகள் இல்லை, உள்ளே பேரம் நடக்கிறது என்று பொருள். 2025 ஜூலை 2 அன்று ஒரு நடைமுறை வாக்கெடுப்பு ஏழு மணி நேரத்துக்கும் மேல் திறந்தே கிடந்தது. முடிந்தபின் சபைச் செயலர் அலுவலகம் பெயர்வாரியாக முடிவை வெளியிடும். அதில் கட்சியை மீறியவர்களின் பெயர்களை, முந்தைய வாரம் அவர்கள் கொடுத்த பேட்டிகளின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.